காற்று வலுக்கும்போது தரையிறங்குதல்

1863ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், ‘இராட்சதன்’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட மாபெரும் பலூன் ஒன்று பாரிஸ் நகரிலிருந்து மேலெழுந்தது. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் நதாரும் அவர் மனைவியும் உட்பட ஒன்பது பேர் அதிற் பயணஞ் செய்தனர். மறுநாட் காலை ஜெர்மானிய நாடாகிய ஹனோவரில் இறங்க முற்பட்டபோது, பலத்த காற்று பலூனைப் பற்றிக்கொண்டது. கூடை மோதியும் துள்ளியும் பல மைல் தூரம் இழுபட்டது. உயிரிழந்தார் எவருமிலர், ஆயினும் நதாரும் மனைவியும் படுகாயமுற்றனர்.

அது எரிவாயு நிரப்பிய பலூன். எனினும், வெப்பக் காற்றினால் மிதக்கும் இக்காலப் பலூனுக்கும் அதன் பாடம் பொருந்தும். விழுவது மாத்திரமன்றி இழுபடுவதும் பலூனுக்குப் பெரிய ஆபத்தே.

பலூன் காற்றோடு காற்றாகச் செல்வதனால், வானில் இருப்போருக்குக் காற்றடிப்பதே தெரியாது. தரையைத் தொடும்போதுதான் வேகம் புலப்படும். அவ்வேகம் இருமடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். நால்வரைச் சுமக்கும் பலூனில் ஏறத்தாழ 2,200 கனமீற்றர் காற்று அடங்கும். அதன் எடை மாத்திரம் சுமார் 2 தொன். அத்தனையும் ஓடிக்கொண்டிருக்க, கூடையை மட்டும் எவ்வாறு நிறுத்துவது?

வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. மேலே விரைந்தோடும் காற்று கீழிறங்கிக் கலக்கிறது. ஆதலால் அதிகாலையே பறப்பதற்கேற்ற வேளை. காற்று வலுக்கக் கண்ட ஓட்டி எரிபொருள் தீருமட்டும் காத்திரான். மின்கம்பிகள் அற்ற, நீண்ட வெளியொன்றை முன்கூட்டியே தேர்ந்து தாழப் பறந்து அணுகுவான். காற்று வரும் பக்கத்தில் மரச்செறிவு இருப்பின் அது சிறிது மறைப்பாகும்.

பயணிகள் செல்லுந் திசைக்கு முதுகு காட்டி, முழங்கால்களைச் சற்று மடித்து, கூடையின் உட்புறக் கைப்பிடிகளைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். தரை நெருங்கியதும் ஓட்டி சுடரை அணைத்து, உச்சித் துணிமூடியின் கயிற்றை இழுக்கிறான். மூடி உள்ளே இறங்க, வெப்பக் காற்று வெளியேறுகிறது. கூடை சாய்ந்து சிறிது தூரம் இழுபடும். அஃது எதிர்பார்க்கத் தக்கதே.

அப்போது எவரும் வெளியே குதித்தலாகாது. ஒருவர் இறங்கினால் பாரங் குறைந்து, பலூன் மற்றையோரோடு மீண்டும் எழக்கூடும். ஆகவே உறை முற்றாகச் சரிந்து, ஓட்டி விடைகொடுக்கும்வரை கூடையிலேயே இருத்தல் வேண்டும். ஒருவருடைய அவசரம் மற்றையோர் உயிருக்கு ஊறாகலாம்.