தீர்த்தமாடலாம், ஈரத்தோடு நிற்க வேண்டாம்
மலைத் தலங்களுக்குச் செல்லும் மூத்தோர் அறிய வேண்டிய ஆடை முறை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஏறக்குறைய 16 கி.மீ. தொலைவில் உள்ளது தீர்த்தமலை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் போற்றிய இத்தலத்தில், மலைமீது வடிவாம்பிகை உடனுறை தீர்த்தகிரீஸ்வரர் எழுந்தருளி அருள்பாலிக்கிறார். பெயருக்கு ஏற்ப இம்மலை தீர்த்தங்களின் இருப்பிடம். இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று பல தீர்த்தங்கள் இங்கே உள்ளன. அவற்றுள் தலையாயது, பாறை முகட்டிலிருந்து விழும் இராம தீர்த்தம்.

இராவண வதம் முடிந்து திரும்பிய இராமபிரான், இங்கே சிவபூஜை செய்ய விரும்பிக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்று தல வரலாறு கூறுகிறது. அனுமன் வரத் தாமதமாயிற்று. பூஜைக்குரிய வேளை தவறிவிடக் கூடாதே என்று இராமபிரான் மலைமீது அம்பு எய்ய, அந்த இடத்திலிருந்து பெருகியதே இராம தீர்த்தம். பின்னர் அனுமன் கொண்டுவந்த நீர் தென்பெண்ணைக் கரையில் சேர்ந்து அனுமன் தீர்த்தம் எனப் பெயர் பெற்றது.

அந்த நீரில் தலை நனைத்துவிட்டு இறைவனை வணங்க வேண்டும் என்பது, இங்கு வரும் ஒவ்வொரு பக்தரின் ஆவல். கோடையில் அது ஆனந்தமான அனுபவம். ஐப்பசி அடைமழையிலும், கார்த்திகை, மார்கழிக் குளிரிலும் நிலைமை வேறு. மலையேறியதால் உடல் வியர்த்திருக்கும். வியர்த்த உடலின்மேல் குளிர்ந்த நீர் விழும். உடுத்திய வேட்டியோ புடைவையோ முழுவதும் நனைந்துவிடும். அதே ஆடையுடன் மலைக்காற்றில் வரிசையில் நிற்பார்கள். பிராகாரம் வலம் வருவார்கள். பின்னர் அப்படியே இறங்கியும் விடுவார்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது ஒரு தும்மலோடு போய்விடும். எழுபதைக் கடந்தவருக்கு அப்படிப் போய்விடும் என்று சொல்ல இயலாது.

ஈரம் செய்யும் தீங்கு

உடலின் வெப்பம் வங்கிக் கணக்கைப் போன்றது. உண்ணும் உணவும் தசைகளின் உழைப்பும் வரவு. தோல் வழியாக வெளியேறும் வெப்பம் செலவு. உலர்ந்த ஆடைக்குள் தங்கியிருக்கும் காற்று, இந்தச் செலவைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆடை நனைந்தால் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. அத்துடன் ஈரம் ஆவியாகும்போதும் உடலிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்றும் வீசினால் இந்த இழப்பு பன்மடங்காகிறது.

ஆதலால்தான் பனி உறையும் குளிர் இல்லாத நம் மலைகளிலும்கூட, நனைந்த ஆடையுடன் நெடுநேரம் காற்றில் நிற்பவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். உடலின் உள் வெப்பம் இயல்பாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதனை ‘ஹைப்போதெர்மியா’ என்பர்.

முதுமையில் இந்த ஆபத்து கூடுகிறது. தசை குறைவதால் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. குளிர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காக்கும் வேகம் மந்தமாகிறது. நடுக்கமும் தாமதமாகவே வருகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்வு குறைந்திருப்பதால், கால் சில்லிட்டுப் போவதே தெரிவதில்லை. ‘எனக்குக் குளிரவில்லை’ என்று பெரியவர் சொல்வதை மட்டும் நம்பி உடன் வந்தவர்கள் இருந்துவிடக் கூடாது.

மடி ஆடை உலர்ந்த ஆடையே

நனைந்த ஆடையுடன் இறைவன் முன் நிற்பதே உயர்ந்த பக்தி என்று பலர் எண்ணுகின்றனர். அங்கப்பிரதட்சிணம் போன்ற வேண்டுதல்களில் அந்த வழக்கம் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அன்றாட வழிபாட்டில் நம் பெரியோர் கடைப்பிடித்த ‘மடி’ என்பது என்ன? துவைத்து, பிறர் கைபடாமல் கொடியில் உலர்த்தி எடுத்த ஆடைக்கே மடி என்று பெயர். ஈரத் துணியுடன் ஜபமோ பூஜையோ செய்யலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டித்ததைப் பலரும் கேட்டிருப்பார்கள்.

பட்டும் கம்பளியும் ஒவ்வொரு நாளும் நனைக்கப்படாமலே மடியாக ஏற்கப்பட்டதும் அந்த மரபின் ஒரு பகுதியே. ஆகவே, தீர்த்தமாடியபின் ஈரம் களைந்து, துடைத்து, உலர்ந்த ஆடை உடுத்திச் சந்நிதிக்குச் செல்வது ஆசாரத்திற்குக் குறைவு அன்று. அதுவே ஆசாரம்.

நம் மாவட்டத்துக் கம்பளி

குளிருக்கும் மழைக்கும் கம்பளி ஏற்றது என்பதை அறிய இமயமலைவரை செல்ல வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆடு வளர்க்கும் குரும்பர் சமூகத்தினர், ஆட்டு உரோமத்தைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்வதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். மழைக்காலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் கம்பளியைக் கொங்காடையாக மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டு தூறலில் நிற்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கரடுமுரடான கறுப்புக் கம்பளியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பளி இழை இயல்பாகவே சுருண்டது. எனவே நனைந்தாலும் முழுவதுமாகப் படிந்துவிடாமல் தன்னுள் காற்றைத் தக்கவைத்துக்கொள்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்ளே வாங்கிய பின்னரும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. பருத்தியோ நீரைக் குடித்துக் கனத்து, உடலோடு ஒட்டிக்கொள்ளும், உலரவும் நெடுநேரமாகும். நம் வெயிலுக்குப் பருத்தியைப் போன்ற நண்பன் இல்லை. மழையும் குளிரும் சேர்ந்த மலையில் அதே பருத்தி துணை நிற்பதில்லை.

ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பருத்தித் துண்டையும் ஒரு கம்பளிச் சால்வையையும் நனைத்துப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் முன்கையில் சுற்றிக்கொண்டால் வேறுபாடு புலப்படும்.

மூன்று அடுக்கு

தடித்த ஆடை ஒன்றைவிட, மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறந்தது. ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். நின்றவுடன் மீண்டும் அணியலாம். வியர்வையும் ஓர் ஈரமே என்பதை மறக்கலாகாது.

முதல் அடுக்கு தோலோடு ஒட்டியிருப்பது. வழக்கமான பருத்திப் பனியனுக்குப் பதிலாக, மெல்லிய கம்பளியிலோ பாலியஸ்டரிலோ ஆன ‘தெர்மல்’ உள்ளாடை வேண்டும். ஆண்கள் வேட்டிக்குள்ளும் பெண்கள் புடைவைக்குள்ளும் இதன் கால்சட்டையை அணிந்துகொள்ளலாம், வெளியே தெரியாது.

இரண்டாம் அடுக்கு ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டுவதைவிட, முன்புறம் பொத்தானோ ஜிப்போ உள்ளது முதியவர்களுக்கு எளிது. தோள்வலி உள்ளவர்களும் பிறர் உதவியின்றி அணியலாம். குளிர்காலத்தில் நகரச் சாலையோரங்களில் திபெத்தியர் விரிக்கும் கடைகளில் ஸ்வெட்டர்கள் கிடைக்கும். விலை குறைந்தவை பெரும்பாலும் அக்ரிலிக் இழையால் ஆனவை. அவை எடை குறைந்தவை, விரைவில் உலர்பவை. ஆனால் கம்பளியின் கதகதப்பு முழுமையாகக் கிட்டாது. ஐயமிருந்தால் ஒரு நூலை மட்டும் பிரித்து நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். கம்பளி, தலைமுடி கருகும் வாசனையுடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணிபோல் ஆகும்.

மூன்றாம் அடுக்கு, மழையையும் காற்றையும் தடுக்கும் மேலங்கி. ஸ்வெட்டரின்மேல் தளர்வாக அணியும் அளவில், தலைமூடியுடன் கூடிய ரெயின்கோட்டாக அது இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் மழை அங்கி பலத்த காற்றில் கிழிந்துவிடும். மலைப்பாதையில் குடையும் உதவாது. காற்றில் புரண்டுகொள்வதோடு, ஊன்றுகோல் பிடிக்க வேண்டிய கையையும் பறித்துக்கொள்ளும்.

இவற்றோடு காதை மூடும் குல்லாய், கழுத்துக்கு மஃப்ளர், கையுறை, கம்பளிக் காலுறை ஆகியவையும் தேவை. காலணி, தடித்த காலுறையோடு அணிந்தாலும் விரல்களை அசைக்க இடம் தருவதாக இருக்க வேண்டும். இறுகிய காலணி இரத்த ஓட்டத்தைத் தடுத்து, பாதத்தை மேலும் சில்லிடச் செய்யும். தேய்ந்த அடியுள்ள ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும். அதனை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

தீர்த்தமலைக்கு ஒரு சிறு பை

தீர்த்தமலைக்கு இவை அனைத்தும் வேண்டியதில்லை. நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் ஒரு மாற்று வேட்டி அல்லது புடைவை, உள்ளாடை, உலர்ந்த துண்டு, ஒரு ஸ்வெட்டர் அல்லது கம்பளிச் சால்வை ஆகியவற்றை வைத்துக்கொண்டால் போதும். மழைக்காலமாயின் ரெயின்கோட்டும் இருக்கட்டும். ஏறி முடித்தவுடன் நீராடாமல், மூச்சும் வியர்வையும் அடங்கும்வரை சற்று அமர வேண்டும். நீராடியவுடன் முதலில் தலையையும் மார்பையும் துவட்டி, ஈரம் முழுவதையும் மாற்றிவிட்ட பின்னரே சந்நிதிக்குச் செல்ல வேண்டும். பிளாஸ்க்கில் வெந்நீரோ சுக்குக் காப்பியோ இருந்தால் இறங்கும்போது தெம்பு தரும்.

கேதாரம் செல்வோர்க்கு

தருமபுரியிலிருந்து புறப்பட்டு, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தைத் தரிசிக்க விழையும் மூத்தோர் பலர். உயரம் கூடக்கூட, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரிஷிகேஷில் மின்விசிறி தேவைப்படும் நாளிலும் கேதாரத்தில் அதைவிட 20 டிகிரி குறைவாக இருக்கக்கூடும். கௌரிகுண்டிலிருந்து ஏறக்குறைய 16 கி.மீ. மலைப்பாதை, எந்நேரமும் மழை பெய்யலாம். அங்கே மூன்று அடுக்கும் கட்டாயம் தேவை.

ஆறு கஜப் புடைவையின் கரை நனைந்தால் நடையே கனத்துவிடும். குதிரையில் ஏறவும் அது இடையூறு. ஆகவே பயண நாளில் மட்டும் சல்வார் அணிந்து, புடைவையைப் பையில் வைத்திருந்து தரிசனத்தின்போது உடுத்திக்கொள்வது உசிதம். மாற்றுக் காலுறை இரண்டு சோடிகளேனும் வேண்டும். சுமை குதிரையிலோ ஆள்மீதோ பின்னால் வருவதாயினும், உலர்ந்த ஆடை ஒரு தொகுப்பு தம் கையிலேயே இருக்க வேண்டும். புதிய காலணியையும் ஆடையையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அணிந்து, தினமும் நடந்து பழகிக்கொள்வது நல்லது. இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றே புறப்பட வேண்டும்.

அறிகுறி கண்டால்

விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், காரணமற்ற சோர்வு, கேட்டதற்குப் பொருந்தாத பதில் ஆகியவை உடல் வெப்பம் குறைவதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்துபோனால், அது குணம் அன்று. ஆபத்து முற்றியதன் அடையாளம். உடனே காற்றுப் படாத இடத்திற்கு அழைத்துச் சென்று, ஈர ஆடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையோடு போர்த்த வேண்டும். நினைவுடன் இருந்து விழுங்க முடிந்தால், சர்க்கரை கலந்த சூடான பானம் தரலாம். கைகால்களை அழுத்தித் தேய்ப்பதும், நெருப்பருகில் நேராக உட்கார வைப்பதும் கூடாது. மருத்துவ உதவியைத் தாமதமின்றி நாட வேண்டும்.

தலையில் தெளித்தாலும் தீர்த்தமே

உடல் இடங்கொடுக்காதவர்கள் நீராட முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. முதியோரும் நோயுற்றோரும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே நீராடிய பலன் உண்டு என்பது சான்றோர் வகுத்த நெறி. கங்கை வரத் தாமதமானபோது, இருந்த இடத்திலேயே தீர்த்தம் உண்டாக்கி உரிய வேளையில் பூஜையை நிறைவேற்றியவர் இராமபிரான். அந்தத் தீர்த்தத்தின் சில துளிகள் தலையில் பட, உலர்ந்த ஆடையும் நடுங்காத கைகளுமாய்க் கும்பிட்டு நிற்கும் முதியவரின் வழிபாட்டைத் தீர்த்தகிரீஸ்வரர் குறைவாகக் கொள்ளமாட்டார். நலமாக மலையிறங்கி, அடுத்த மாசி விழாவுக்கும் அவர் வந்து சேர அம்மையப்பன் அருள் புரியட்டும்.