மேசை வாளும் பத்து விரல்களும்

உழைத்துப் பழகிய கை ஓய்ந்திருக்க விரும்புவதில்லை. கீரிப்பாறை ரப்பர்த் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். பணிக்கொடையாகக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, வீட்டின் பின்புறத்தில் சிறியதொரு தச்சுப்பட்டறை அமைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பேரப்பிள்ளைகளுக்கு எழுதுமேசை, மருமகளுக்கு அடுக்களை அலமாரி, இயன்றால் கோவிலுக்கு இரண்டு பெஞ்சுகள். இவ்வளவே அவர் திட்டம். நமக்குத் தச்சுவேலையில் சிறிது பழக்கம் உண்டென்பதை அறிந்து, ஆலோசனை கேட்டார்.

"சாமி, கையில் பிடித்து அறுக்கும் வட்ட வாள் ஒன்று மகனிடம் இருக்கிறது. அதைத் தலைகீழாக ஒரு பிளைவுட் பலகையின் அடியில் முடுக்கிவிட்டால் மேசை வாள் ஆகிவிடும் என்கிறான். கடையில் விற்கும் இயந்திரத்திற்கோ பல மடங்கு பணம் வேண்டும். எதைச் செய்யட்டும்?"

நாம் உடனே விடை கூறவில்லை. முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், இவ்வாறு தலைகீழாகப் பொருத்திய வாளில் ஓர் இளைஞன் இரு விரல்களை இழந்தான். மருத்துவமனைக்குச் செல்லும் வழியெல்லாம் அவன் கேட்ட கேள்வி ஒன்றே: "சாமி, இனி நான் எப்படி வேலை செய்வேன்?" பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் அக்கேள்வி இன்னும் கூர்மையானது. பெருவிரல் இன்றி வெட்டுக்கத்தியைப் பிடித்து, மரம் காயப்படாதவாறு பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ முடியுமா? பெரியவரின் மகனும் பால்வெட்டுத் தொழிலாளியே. ஆகவே விலையைப் பற்றிப் பேசுமுன் விரல்களைப் பற்றிப் பேசினோம்.

மரம் ஏன் எறியப்படுகிறது?

மேசை வாளில் வாள் இடம்பெயர்வதில்லை. மரத்தைத்தான் நாம் தள்ளுகிறோம். மேசையின் நடுவிலுள்ள பிளவின் வழியே எழுந்து நிற்கும் வட்டப் பிளேடின் முன்பற்கள் கீழ்நோக்கி இறங்கி, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பற்களோ மேல்நோக்கி எழுந்து, அறுப்பவர் இருக்கும் திசைக்கே திரும்பி வருகின்றன. அறுபட்ட இரு பாதிகளும் நெருங்கிப் பிளேடை இறுக்கினாலோ, மரம் சற்றுக் கோணித் திரும்பினாலோ, அப்பின்பற்கள் மரத்தைத் தூக்கி அறுப்பவர் மீதே எறிந்துவிடும். 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்திற்கு 4000 முறை சுழன்றால், பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஆகும். மரம் திடீரென விலகும்போது, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடியிழந்து பிளேடின்மேல் சென்று விழுகிறது.

இதைத் தடுப்பதற்கென்றே நல்ல இயந்திரங்களில், பிளேடின் பின்னால் அதை ஒட்டி ஓர் எஃகுத் தகடு நிற்கும். ரைவிங் நைஃப் என்பது அதன் பெயர். நாம் பிளவுத் தகடு என்போம். அறுபட்ட பாதிகள் மீண்டும் நெருங்காதவாறு அது இடையில் நின்று காக்கும். பிளேடு உயர்ந்தால் உயரும், தாழ்ந்தால் தாழும், சாய்ந்தால் சாயும். பிளேடின்மேல் கவிந்து நிற்கும் மூடி கையைக் காக்கும்.

தலைகீழாகப் பொருத்திய கைவாளில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. சுவிட்சும் பலகைக்கு அடியில் மறைந்துவிடும். அதை அழுத்திய நிலையிலேயே கயிற்றால் கட்டி வைப்பாரும் உளர். மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பி வரும்போது, யாரும் எதிர்பாராத வேளையில் அந்த வாள் தானே சுழலத் தொடங்கும். மிச்சப்பட்ட பணம் அப்போது எதற்கு உதவும்?

வாங்கும்போது கவனிக்க

முதலாவதாக, பிளவுத் தகடும் மூடியும் இல்லாத இயந்திரம் எத்துணை மலிவாயினும் வேண்டாம். சுவிட்ச் முன்புறத்தில், முழங்காலாலும் தட்டி நிறுத்தத்தக்க இடத்தில் இருத்தல் நன்று. மின்தடைக்குப் பின் தானாக ஓடாத அமைப்பு உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவதாக, கைடு என்று தச்சர்கள் கூறும் வழிகாட்டிச் சட்டம். மரம் இதன்மீது சாய்ந்தே நகர்கிறது. இது பிளேடுக்கு இணையாக நில்லாவிடில் மரம் இறுகும், எறியப்படும். கடையிலேயே சட்டத்தை நகர்த்திப் பூட்டி, பிளேடின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தொலைவை அளந்து பாருங்கள். குதிரைத்திறனை விசாரிப்போர் பலர். இதை அளப்போர் சிலரே.

மூன்றாவதாக, அளவு. சிறு பட்டறைக்கு ஏற்ற இயந்திரங்கள் 210 அல்லது 254 மில்லிமீட்டர் பிளேடுடன் வருகின்றன. முன்னது சுமார் 65 மில்லிமீட்டர் கனம் வரை அறுக்கும். பின்னது 75 மில்லிமீட்டரைத் தாண்டும். வீட்டு வேலைக்கு முன்னதே போதுமானது. எட்டடிப் பலகையை அறுக்க முன்னே எட்டடியும் பின்னே எட்டடியும் இடம் வேண்டும் என்பதையும் மறவாதீர். முழு பிளைவுட் தகட்டைச் சிறு மேசையில் வைத்துப் போராடாமல், கடையிலேயே துண்டாக்கி வாங்குதல் அறிவுடைமை.

நான்காவதாக, மின்சாரம். அயல்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் 110 வோல்ட்டுக்கு உரியதாயின் நம் 230 வோல்ட்டில் நேரே இணைக்கலாகாது. 1800 வாட் மோட்டார் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் இழுக்கும்; தொடங்கும் நொடியில் அதைவிட மிகுதி. ஆகவே, எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கு அவசியம். மின்விசிறிக்கு இழுத்த மெல்லிய வயரில் இதை ஓட்டுவது தீயை அழைப்பதாகும்.

ரப்பர் மரத்தின் இயல்பு

1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் நம் பகுதியில் உள்ளன. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்த ரப்பர் மரம் வெட்டப்பட்ட பின்னும் பயன்படும். அதன் பலகை மேசை நாற்காலிகளுக்கு ஏற்றது. ஆனால் வெட்டிய சில நாட்களுக்குள் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாவிடில் நீலக்கறை படியும், வண்டு துளைக்கும். பதப்படுத்தி நன்கு உலர்த்தாத பலகை அறுபடும்போதே வளைந்து பிளேடை இறுக்கும். மழை மிகுந்த நம் ஊரில், உலராத மரம் வாளுக்கும் கைக்கும் பகையாகும்.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவில் மேசை வாளால் காயமுற்று ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் அவசர சிகிச்சைக்குச் செல்வதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டுள்ளது. அங்கு ஸ்டீவ் காஸ் என்பவர், இயற்பியலும் சட்டமும் கற்றவர், தச்சுவேலையில் விருப்பமுடையவர், 1999-இல் ஒரு வழி கண்டார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். மரம் அவ்வாறு கடத்துவதில்லை. விரல் பிளேடைத் தொட்டவுடன் மின்குறி மாறுகிறது. ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களில் பதிந்து, ஐந்து மில்லிவினாடிக்குள் பிளேடை நிறுத்துகிறது. 'சா ஸ்டாப்' என்னும் பெயரில் இவ்வாள் 2004-இல் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை நின்றால் பிளேடும் கட்டையும் பாழாகும். ஆனால் விரல் சிறு கீறலோடு தப்பும். அத்தகைய விலையுயர்ந்த வாள் எல்லார்க்கும் எட்டாது. எட்டாதவர்க்குப் பழக்கமே பாதுகாப்பு.

எனவே பெரியவரிடம் இவற்றையும் சொன்னோம்: பிளேடின் பற்கள் மரத்திற்கு மேல் சிறிதளவே தெரியட்டும். கைக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு சாண் தூரம் இல்லையெனில் தள்ளுகோலை எடுங்கள். பிளேடின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நில்லுங்கள். தோளில் துண்டும் கையில் உறையும் வேண்டாம். பல்லில் சிக்கினால் கையையே இழுத்துச் செல்லும். கண்ணாடியும் மூக்குமூடியும் வேண்டும்; மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உறுதியான முடிவு. பிளேடை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். களைத்த மாலையில் வாளைத் தொடாதீர்கள்.

பெரியவர் மேலும் மூன்று மாதம் பணம் சேர்த்து, பிளவுத் தகடும் மூடியும் உள்ள சிறு இயந்திரத்தையே வாங்கினார். மகன் முதலில் முணுமுணுத்தானாம். பட்டறையைப் பார்க்க நாம் சென்றபோது, அவ்வாளில் அறுத்து முதன்முதலாகச் செய்த பொருளைப் பெருமையுடன் எடுத்துக் காட்டினார். எழுதுமேசையன்று, அலமாரியுமன்று, ரப்பர் மரத்தால் ஆன தள்ளுகோல்கள் இரண்டு.

"ஒன்று எனக்கு, சாமி, மற்றது மகனுக்கு" என்றார்.