புகையில் கரையும் சம்பள நாட்கள்



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்திருப்பீர்கள். அதன் பொருள் எனக்குப் புரிந்தது எங்கள் வீட்டில்தான். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. தினம் ஒரு கட்டு பீடி. மார்கழி பிறந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். "இன்னிக்கு முடியலடா" என்று படுத்துவிடுவார். அன்றைக்குக் கூலி கிடையாது. அம்மா அண்ணாச்சி கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கி வரும்.

புகைத்தால் புற்றுநோய் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்போதோ வருவது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் சம்பளத்தில் விழும் அடி இந்த மாதமே விழும். எப்படி என்று பார்ப்போம்.

மூச்சுக்குழாயின் உட்புறம் மிக நுண்ணிய இழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. லேத்தில் சிப்ஸைத் தள்ளும் பிரஷ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். புகை இந்த இழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அழுக்கு உள்ளேயே தங்கி, சளியும் இருமலும் அடிக்கடி வருகின்றன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது.

விளைவு, லீவு! பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, புகைப்பவர் மற்றவரைவிட ஆண்டுக்குச் சராசரியாக 2.74 நாட்கள் கூடுதலாக வேலைக்கு வருவதில்லை.

"மூணு நாள்தானே?" என்று கேட்பீர்கள். தினக்கூலிக்காரருக்கு அது அப்படியே நஷ்டம். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. ஆனால் பொதுவாக முதல் 2 நாட்களுக்குப் பணம் வராது. மூன்று நாள் படுத்தால் ஒரு நாளுக்குத்தான் கிடைக்கும், அதுவும் முழுசாக இல்லை. சளி, இருமல் என்று எடுக்கும் சின்னச் சின்ன லீவுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

வேலை கிடைப்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் வேலை தேடியவர்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டனர். புகைக்காதவர்களில் 56 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. புகைப்பவர்களில் 27 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனமோ 2005-லேயே புகைப்பவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தது.

நண்பர்களே, நமக்கு முதல் வேலை பெரும்பாலும் கான்ட்ராக்டில்தான் கிடைக்கும். அடிக்கடி லீவு போடுகிறவனை அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்?

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நின்று நானும் முதலாமாண்டில் இரண்டு மாதம் பிடித்தவன்தான். சட்டை வாசனையிலேயே அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "எனக்குக் கூலிதான் போச்சு, உனக்கு வேலையே போயிடும்டா" என்றார். அன்றோடு விட்டேன்.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. அப்பா போனிலும் அந்த எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. நானும் விடுவதாயில்லை. நீங்களும் உங்கள் நண்பனை விடாதீர்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை