கூகுள் டிரைவ் கோப்புகளைக் கணினியிலிருந்து கையாளுதல்

கூகுள் டிரைவ் என்பது 2012 ஏப்ரலில் கூகுள் நிறுவனம் தொடங்கிய மேகச் சேமிப்புச் சேவை ஆகும். ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசம். ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் இதே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

இச்சேவையை உலாவியில் திறக்காமல், கணினியின் மற்றொரு டிரைவ் போலவே பயன்படுத்த உதவும் மென்பொருள் 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்'. முன்பிருந்த இரண்டு மென்பொருள்களை ஒன்றாக்கி 2021இல் இது வெளியிடப்பட்டது. விண்டோஸ், மேக் கணினிகளில் இயங்கும். நிறுவியபின் விண்டோஸில் பெரும்பாலும் 'ஜி' என்ற எழுத்துடன் புதிய டிரைவ் ஒன்று தோன்றும்.

அதில் தெரியும் கோப்புகள் எல்லாம் நம் கணினியில் இருக்கின்றன என்று எண்ணுவது தவறு. 'ஸ்ட்ரீம்' முறையில் கோப்பு மேகத்திலேயே இருக்கும். பெயர் மட்டும் இங்கே தெரியும். திறக்கும்போதுதான் அது இறங்கும். வன்தட்டில் இடம் மிச்சமாகும், ஆனால் இணையம் இல்லாத இடத்தில் கோப்பு திறக்காது. தேவையான கோப்புறையின் மீது வலச்சொடுக்கி, இணையமின்றியும் கிடைக்கும்படி முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். 'மிரர்' முறையில் கோப்பு இரண்டு இடத்திலும் இருக்கும். இடம் குறைந்த மடிக்கணினிக்கு ஸ்ட்ரீம் முறையே ஏற்றது.

எந்த முறையானாலும், இங்கே அழித்தால் மேகத்திலும் அழியும். கணினியில் இடம் வேண்டுமென்று அழிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அழித்த கோப்பு டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

மாணவர்கள் அதிகம் தவறுவது கூகுள் டாக்ஸ் கோப்பில். டிரைவில் தெரியும் அக்கோப்பு வெறும் இணைப்புதான், எழுதியவை அதற்குள் இல்லை. பென் டிரைவில் நகலெடுத்துச் சென்றால், கல்லூரிக் கணினியில் கட்டுரைக்குப் பதில் ஒன்றும் இராது. உலாவியில் திறந்து, வேர்டு அல்லது பிடிஎஃப் வடிவில் பதிவிறக்கிய பிறகே எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒழுங்கமைப்பதற்குப் பாடவாரியாகக் கோப்புறை போதும். கோப்புப் பெயரை 2024-06-15 என்பதுபோல ஆண்டு முதலாகத் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் அமையும். பிறர் பகிர்ந்த கோப்புகள் கணினியில் தாமாகத் தோன்றுவதில்லை. உலாவியில் அவற்றுக்கு ஒரு குறுக்குவழியை 'மை டிரைவ்' பகுதியில் சேர்க்க வேண்டும். குறுக்குவழியை அழித்தால் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உரிமையாளர் மூலத்தை நீக்கினால் நம் குறுக்குவழி பயனற்றுப்போகும்.

2023 நவம்பரில் இம்மென்பொருளின் 84ஆம் பதிப்பைப் பயன்படுத்திய சிலரின் கோப்புகள் காணாமல் போயின. ஒத்திசையாத கோப்புகள் கணினியின் தற்காலிகச் சேமிப்பில் இருந்ததால், கணக்கைத் துண்டிக்க வேண்டாம் என்று கூகுள் அப்போது அறிவுறுத்தியது. பின்னர் 85ஆம் பதிப்பில் மீட்புக் கருவியும் தந்தது. எனவே கணினியை அணைக்கும் முன், கீழ்ப்பட்டையிலுள்ள டிரைவ் சின்னத்தைச் சொடுக்கி, ஒத்திசைவு முடிந்ததா என்று பார்க்க வேண்டும். ஆய்வேடு போன்றவற்றுக்கு டிரைவுக்கு வெளியேயும் ஒரு நகல் தேவை.