மின்சாரக் காரில் பனிமலைப் பயணம்: சார்ஜைத் தின்பது மலையா, குளிரா?

மாணவர்களே, இரண்டு மலைச் சாலைகளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மற்றொன்று, நார்வே நாட்டின் 7-ஆம் எண் நெடுஞ்சாலை. அது ஹார்டாங்கர்விடா என்ற மலைப் பீடபூமியைக் கடக்கும்போது ஏறக்குறைய 1,250 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது.

ஒரே மின்சாரக் காரை இந்த இரண்டு சாலைகளிலும் ஓட்டினால் ஒரே அளவு சார்ஜ் செலவாகுமா? உயரத்தை மட்டும் பார்த்தால் கேமரன் மலைக்குத்தான் கொஞ்சம் அதிகம் செலவாக வேண்டும். ஆனால், ஜனவரி மாதத்தில் நார்வேச் சாலையில் போகும் ஓட்டுநர்தான் சார்ஜ் அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே போவார். ஏன் என்று பார்ப்போம்.

பனி மூடிய பூங்கா

ஹார்டாங்கர்விடா தேசியப் பூங்கா 1981-இல் அமைக்கப்பட்டது. அதன் பரப்பளவு 3,422 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்! காட்டுப் பனிமான்கள் பெருங்கூட்டமாக வாழும் இடம் இது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட மக்கள் இங்கே வருகிறார்கள்.

அவர்களில் பலர் வருவது மின்சாரக் காரில். 2024-இல் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறைய 89 விழுக்காடு முழுமையான மின்சாரக் கார்கள். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் வந்தால் யைலோ என்ற மலை ஊர். அது 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பீடபூமியைக் கடந்து, மறுபக்கம் கடலோரத்தில் உள்ள ஐட்ஃபியோர்டு என்ற ஊருக்கு இன்னும் 90 கிலோமீட்டர். இந்தக் கடைசி 90 கிலோமீட்டரைத்தான் நாம் கணக்குப் போடப் போகிறோம்.

ஏற்றத்தின் கணக்கு

ஒரு பொருளை உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் சக்தியைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பொருண்மை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். ஆட்களையும் பெட்டிகளையும் சேர்த்துக் காரின் பொருண்மை 2,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 1,250 மீட்டர் ஏற:

2,000 × 9.8 × 1,250 = 24,500,000 ஜூல்

ஒரு கிலோவாட் மணி என்பது 3,600,000 ஜூல். ஆகவே இது சுமார் 6.8 கிலோவாட் மணி. யைலோவிலிருந்து ஏறினால் மீதி உயரம் 450 மீட்டர்தான். அதற்கு வெறும் 2.5 கிலோவாட் மணி போதும். நடுத்தர மின்சாரக் காரின் மின்கலத்தில், அதாவது பேட்டரியில், 60 கிலோவாட் மணி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் ஏற்றத்துக்கான செலவு சிறியதுதான்.

அதுமட்டுமல்ல, அந்தச் சக்தி நிலைச் சக்தியாகக் காரிலேயே இருக்கிறது. மலையிறங்கும்போது மின்னோடி (மோட்டார்) மின்னாக்கியாக மாறி, காரை மெதுவாக்கிக்கொண்டே மின்கலத்துக்குச் சார்ஜை ஏற்றுகிறது. முழுவதும் திரும்பாவிட்டாலும், 1,250 மீட்டர் இறக்கத்தில் சுமார் 4 கிலோவாட் மணி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம்.

குளிர் செய்யும் வேலை

லித்தியம் அயனி மின்கலத்துக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதற்கு மின்பகுளி என்று பெயர். லித்தியம் அயனிகள் இந்தத் திரவத்தின் வழியாக ஒரு மின்வாயிலிருந்து மற்றொரு மின்வாய்க்கு நகர்வதால்தான் மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் திரவம் கெட்டிப்படுகிறது. வேதிவினைகளின் வேகமும் குறைகிறது. அயனிகள் தயங்கித் தயங்கி நகர்கின்றன. மின்கலத்தின் உள் மின்தடை கூடுகிறது. சக்தி காணாமல் போய்விடவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதியை, மின்கலம் சூடாகும் வரை வெளியே எடுக்க முடிவதில்லை.

அடுத்தது, ஹீட்டர். பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர் நாட்டில் அந்த வீண் வெப்பமே பயணிகளுக்கு இலவச ஹீட்டர். மின்னோடியோ பெற்ற மின்சாரத்தில் சுமார் 90 விழுக்காட்டை இயக்கமாக மாற்றிவிடுகிறது. அது திறமையாக வேலை செய்வதால் மிச்ச வெப்பம் கிடைப்பதில்லை. காரின் உள்ளே சூடு வேண்டுமென்றால் மின்கலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. ஒரே அழுத்தத்தில், 30 டிகிரி செல்சியஸ் காற்றை விட மைனஸ் 15 டிகிரி காற்று ஏறக்குறைய 17 விழுக்காடு அடர்த்தியானது. கார் அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். சாலையில் பனி படிந்திருந்தால் சக்கரம் உருள்வதற்கும் கூடுதல் சக்தி தேவை.

நார்வே வாகனமோட்டிகள் சங்கம் 2020-இல் 20 மின்சாரக் கார்களைக் குளிர்காலச் சாலையில் ஓட்டிச் சோதித்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தை விட அவை சராசரியாக ஏறக்குறைய 18.5 விழுக்காடு குறைவாகவே ஓடின.

சாலை மூடப்பட்டால்?

ஹார்டாங்கர்விடாவில் புயல் அடித்தால் முன்னால் போகும் காரே கண்ணுக்குத் தெரியாது. அப்போது சாலைத் துறையினர் தடுப்பை இறக்கிவிடுவார்கள். கார்கள் வரிசையாகக் காத்திருக்கும். பிறகு பனி அள்ளும் லாரி முன்னே செல்ல, எல்லாக் கார்களும் அதன் பின்னால் வரிசை கலையாமல் போகும். நடுவில் திரும்ப முடியாது. காரை விட்டு இறங்கி நடக்கவும் கூடாது. சாலையே மூடப்பட்டால் காத்திருப்பு இன்னும் நீளும்.

நின்றுகொண்டிருக்கும் காருக்குள் சூடாக வைத்திருக்க 3 கிலோவாட் வரை தேவைப்படலாம். 3 மணி நேரம் காத்திருந்தால் 9 கிலோவாட் மணி. கவனியுங்கள்! கடல் மட்டத்திலிருந்து 1,250 மீட்டர் ஏறுவதற்கே 6.8 கிலோவாட் மணிதான். ஓர் அடிகூட நகராமல் நிற்கும் கார் அதைவிட அதிகம் செலவழித்துவிட்டது. மேலும், ஏற்றத்துக்குச் செலவழித்ததில் ஒரு பங்கு இறக்கத்தில் திரும்பும். கண்ணாடி வழியாக வெளியேறிய வெப்பம் திரும்பவே திரும்பாது.

இப்போது முழுக் கணக்கு. யைலோவிலிருந்து பாதிச் சார்ஜுடன், அதாவது 30 கிலோவாட் மணியுடன் புறப்படுகிறோம்.

கோடையில்: கிலோமீட்டருக்கு 0.18 வீதம் 90 கிலோமீட்டருக்கு 16.2, ஏற்றத்துக்கு 2.5, மொத்தம் 18.7. இறக்கத்தில் 4 திரும்பும். ஊர் போய்ச் சேரும்போது கையில் 15-க்கும் மேல் இருக்கும்.

குளிர்காலத்தில்: கிலோமீட்டருக்கு 0.25 வீதம் 22.5; ஏற்றத்துக்கு 2.5, காத்திருப்புக்கு 9, மொத்தம் 34. இறக்கத்தில் 4 திரும்பினாலும் மிச்சம் பூஜ்யம்! எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் கார் நடுவழியில் நின்றுவிடும். சார்ஜ் தீர்ந்தால் ஹீட்டரும் நின்றுவிடும். மைனஸ் 15 டிகிரியில் அது உயிருக்கே ஆபத்து.

யைலோவில் 80 விழுக்காடு வரை, அதாவது 48 கிலோவாட் மணி, ஏற்றிக்கொண்டிருந்தால் அதே புயலைத் தாண்டிய பிறகும் 18 மிஞ்சும்.

எப்போது சார்ஜ் செய்வது?

இரவு முழுவதும் வெளியே நின்று உறைந்த காரை, காலையில் விரைவு சார்ஜரில் இணைத்தால் அது மிக மெதுவாகவே ஏறும். காரணம் இருக்கிறது. குளிர்ந்த மின்கலத்தில் மின்சாரத்தை வேகமாகத் திணித்தால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். இது மின்கலத்தை நிரந்தரமாகக் கெடுக்கும். அதனால் காரின் கணினியே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

எனவே, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஊர் வந்து சேர்ந்ததும், ஓடிய சூடு மின்கலத்தில் இருக்கும்போதே சார்ஜ் செய்கிறார்கள். பல கார்களில், சார்ஜரை நெருங்கும் முன்பே மின்கலத்தைச் சூடேற்றும் வசதியும் உண்டு. தங்குமிடத்தில் மின் இணைப்பு இருந்தால், இரவு முழுவதும் அதில் இணைத்து வைத்து, புறப்படுவதற்கு முன் காரின் உட்பகுதியைச் சுவர் மின்சாரத்திலேயே சூடாக்கிவிடுவார்கள். கம்பளியும் மண்வெட்டியும் சூடான பானமும் காரில் இருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

சிறிய போத்தலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள், வெளியே வைத்திருந்த எண்ணெயோடு சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்துப் பாருங்கள். எது தயங்கி வழிகிறது? குளிர்ந்த மின்கலத்தில் அயனிகள் படும் பாடு ஓரளவு புரியும்.

கடைசியாக ஒரு கணக்கு. காரில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு, நான்கு இருக்கைகளின் அடியில் உள்ள சூடேற்றிகளை மட்டும் இயக்குகிறார்கள். ஒவ்வொன்றும் 75 வாட். 3 மணி நேரத்தில் எத்தனை கிலோவாட் மணி செலவாகும்? மேலே பார்த்த 9 கிலோவாட் மணியோடு ஒப்பிடுங்கள். பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.