எம்.பி.ஏ. முடித்து ஐந்து ஆண்டு: வேலையில் மனநிறைவு இருக்கிறதா?

காலனியில் ஒரு பிள்ளை முதல் ஆளாக எம்.பி.ஏ. முடித்து வேலைக்குப் போனால், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சம்பளம் எவ்வளவு?" அதில் தவறில்லை. கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த வீட்டுக்கு அதுதான் முதல் கவலை. ஆனால் நான்கைந்து ஆண்டு கழித்தும் அதையேதான் கேட்கிறோம். "அந்த வேலையில் நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரே சம்பளம், இரண்டு கணக்கு

ஒரே வகுப்பில் படித்து, ஒரே நிறுவனத்தில், ஒரே சம்பளத்தில் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. இன்னொருவர் கல்விக் கடன் தவணை கட்டுகிறார், தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார், ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுகிறார். வேலை பிடிக்காவிட்டால் முதலாமவர் மூன்று மாதம் வீட்டில் இருந்து வேறு வேலை தேடலாம். இரண்டாமவரால் ஒரு மாதம்கூட முடியாது. அதனால் மேலாளர் தட்டிக்கழித்தாலும், பதவி உயர்வு தள்ளிப்போனாலும் வாய் திறக்கத் தயங்குகிறார். வெளியே பார்ப்பவர்களுக்கு இருவரும் ஒரே மாதிரி 'செட்டில்' ஆனவர்கள்.

கல்லூரி வாசலோடு நிற்கும் இடஒதுக்கீடு

ஐ.ஐ.எம். போன்ற மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும், பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் போவது தனியார் நிறுவனங்களுக்கு. அங்கே இடஒதுக்கீடு இல்லை.

சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு பலர் அறிந்தது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடன், சாதியைக் காட்டும் வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு இருந்த நேர்காணல் வாய்ப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் குறைந்துவிட்டது. அதற்குப் பதில் கேள்விகள் வருகின்றன: "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா? அப்பா என்ன பண்றார்?" பதிலை யோசித்து யோசித்துச் சொல்லியே பலருக்கு ஆண்டுகள் போய்விடுகின்றன. அந்தச் சோர்வு சம்பளச் சீட்டில் தெரியாது.

அண்ணலின் முதல் வேலைகள்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1917-ல் நாடு திரும்பினார் அண்ணல் அம்பேத்கர். பரோடா சமஸ்தானத்தில் பெரிய பதவி கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. மும்பையில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 1918-ல் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் பொதுக் குடிநீரை அவர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு 1920-ல் மறுபடி லண்டன் போனார். அடுத்த இடத்துக்குப் போக அந்த வேலையைப் பயன்படுத்திக்கொண்டார்.

என்ன செய்யலாம்?

வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் ஆண்டுக்கு ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. இங்கே புதிதாக ஏதாவது கற்றுக்கொள்கிறேனா? என்னோடு சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் நல்ல பொறுப்புகள் எனக்கும் கிடைக்கின்றனவா? என் ஊரைப் பற்றித் தயங்காமல் பேச முடிகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், வேறு இடம் தேடத் தொடங்குங்கள். அதற்கு முன் சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகச் சேருங்கள். வீட்டுக்கு அனுப்புவதில் கொஞ்சம் குறைத்து இதற்கு ஒதுக்குவது சுயநலமல்ல.

சாதிப் பெயரைச் சொல்லிப் பலர் முன் இழிவுபடுத்தினால், தனியார் அலுவலகமானாலும் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். நடந்ததைத் தேதியோடு எழுதிவைப்பது அவசியம்.

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 2023-ல் தொடங்கிய இத்திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் (அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய்) 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். எம்.பி.ஏ.வில் படித்த கணக்கும் சந்தை அறிவும் இங்கே நேரடியாகப் பயன்படும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை போனில் பேசும்போது, பணம் அனுப்பியாச்சா என்று கேட்பதற்கு முன், ஆபீஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேச விடுங்கள்.