நப்பாசைக்கு என்ன விலை?

நல்ல சீட்டு கையில் இருந்தும் தோற்றவர்கள் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் திட்டுவார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம் வேறு: எதிராளியின் நப்பாசைக்கு அவர்கள் வைத்த விலை மிகக் குறைவு. அந்த விலையைப் பைசா சுத்தமாகக் கணக்கிட முடியும் என்பதற்குப் போக்கர் ஒரு நல்ல பாடம்.

இன்று பரவலாக ஆடப்படும் போக்கர் வகை டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு 2 சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. பொதுச் சீட்டுகள் முதலில் மூன்றும், பிறகு ஒவ்வொன்றாக இரண்டும் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்டலாம். ஈடுகொடுக்க விரும்பாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் இஸ்பேடு ராஜா, இஸ்பேடு 7, ஆட்டின் 2, டைமன் 9 கிடக்கின்றன. உங்களிடம் ஆட்டின் ஏஸ், கிளாவர் ராஜா; ஆக, ராஜா ஜோடி சேர்ந்துவிட்டது. எதிராளியிடம் இஸ்பேடு ஏஸும் இஸ்பேடு 5-ம். இப்போதைக்கு அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால், கடைசிச் சீட்டு இஸ்பேடாக விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து ‘ஃப்ளஷ்’ ஆகும், ஆட்டம் அவருடையது.

அதற்கான வாய்ப்பு எவ்வளவு? மொத்தம் 13 இஸ்பேடுகளில் 4 அவர் கண்ணில் பட்டுவிட்டன, மீதி 9. அவர் பார்க்காத சீட்டுகள் 46. நாற்பத்தாறில் ஒன்பது என்றால் 19.6 சதவீதம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை.

நடுவில் பந்தயமாக 100 சிப் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பந்தயமே கட்டாவிட்டால், அவர் இலவசமாகக் கடைசிச் சீட்டைப் பார்ப்பார். உங்கள் சராசரி வரவு 80 சிப். 20 கட்டினால், 120-ஐ வெல்ல அவர் 20 கொடுத்தால் போதும். அவருக்கு அது கட்டுப்படியாகும். உங்கள் சராசரி 93. எல்லைக்கோடு சுமார் 32. அதற்கு மேல் கட்டினால், ஈடுகொடுப்பது அவருக்கு நஷ்டம். 75 கட்டி அவரும் தொடர்ந்தால் உங்கள் சராசரி 126-க்கு ஏறுகிறது. அவர் சராசரியாக 26 சிப் இழக்கிறார். 300 கட்டினால்? அவர் விலகிவிடுவார், உங்களுக்கு 100 மட்டுமே.

எனவே, விரட்டியடிப்பதைவிட லாபமானது, தவறான விலைக்கு அவரைத் தொடர வைப்பது. எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் செய்யாத ஒன்றை ஒருவர் செய்யும்போதெல்லாம் எதிராளிக்கு லாபம் என்று அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி எழுதினார். போக்கரின் அடிப்படைத் தேற்றம் என்றே அதற்குப் பெயரிட்டார்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு: கடைசிச் சீட்டுக்குப் பிறகு பந்தயம் இல்லை என்று கொண்டோம். ஃப்ளஷ் விழுந்த பிறகும் நீங்கள் பிடிவாதமாகப் பணம் கொடுத்தால், அவர் முன்பு கொடுத்த அதிக விலைகூட அவருக்கு மலிவாகிவிடும். மூன்றாவது இஸ்பேடு விழுந்ததும் ராஜா ஜோடியின் மதிப்பு சரிந்துவிட்டது என்பதை ஏற்கத் தெரிய வேண்டும்.

இன்னும் விழாத சீட்டுக்கு இப்போதே விலை உண்டு என்ற எண்ணம் பழையது. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654-ல் பிரான்சின் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் விவாதித்தார்கள். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வேர்விட்டது. காப்பீட்டுக் கட்டணம் கணக்கிடுவதும் அதன் கிளைதான்.

பணம் வைத்து ஆடத் தூண்டுவோருக்கும் இதே கணக்கு தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துபவருக்கு ஒரு பங்கு போவதால், ஆடுபவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது நஷ்டமே. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. நிகழ்தகவைக் கற்கப் பணம் தேவையில்லை. ஒரு கட்டுச் சீட்டும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐம்பது முறை ஆடிப் பாருங்கள். ஐந்தில் ஒன்று என்பது எவ்வளவு என்று அவர்களுக்குக் கண்கூடாகத் தெரியும்.